கரி மண்ணில் எழுந்த பாடசாலை
(போர்த் நகரின் கல்வி வரலாறும் அது நமக்குத் தரும் பாடமும்)



பாடசாலை ஒன்றின் வரலாறு என்றவுடன் அதிபர்களின் பெயர்களும், கட்டடங்கள் திறக்கப்பட்ட நாட்களும், பரிசில் பெற்றோரின் பட்டியலும் நம் நினைவுக்கு வருகின்றன. இவையும் வேண்டியவையே. ஆயினும் ஒரு பாடசாலையைப் பற்றி அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய வேறு மூன்று கேள்விகள் உள்ளன. அதை எழுப்பியவர்கள் யார்? அதனிடம் அவர்கள் எதிர்பார்த்தது என்ன? அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டிலுள்ள நிலக்கரிச் சுரங்க நகர் ஒன்றையும் அங்கே எழுந்த இடைநிலைப் பாடசாலையையும் எடுத்துக்கொண்டு, இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வார இறுதியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்து வரும் பெற்றோருக்கும் இவ்வரலாற்றில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கின்றது.

இரு ஆறுகள் கூடும் இடம்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் றொன்தா என்னும் பெயருடைய இரு பள்ளத்தாக்குகள் உள்ளன. ஒன்று பெரிய றொன்தா, மற்றையது சிறிய றொன்தா. இரண்டிலும் ஓடிவரும் ஆறுகள் ஓரிடத்தில் ஒன்று சேர்கின்றன. அவ்விடத்திற்கு வெல்ஷ் மொழியில் 'கம்மர்' என்று பெயர். ஆறுகள் கூடும் இடம் என்பது அதன் பொருள். நாம் கூடல் என்றும் கூடுதுறை என்றும் சொல்வது போன்றதே இது. அதனை அடுத்துள்ள நகரம் போர்த். அச்சொல்லுக்கு வாயில் என்பது பொருள். இரு பள்ளத்தாக்குகளுக்கும் வாயிலாக அமைந்தமையால் அப்பெயர் பொருந்துகின்றது. ஊர்ப் பெயர்களின் பொருளை அறிவது அந்நிலத்தின் மொழியை அறிவதற்கு முதற்படி என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இப்பள்ளத்தாக்குகளில் மரக்காடுகளும் ஆட்டுப் பட்டிகளும் சிதறிய சில பண்ணை வீடுகளுமே இருந்தன. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பெரும்பகுதிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர் ஓராயிரம் பேருக்கும் குறைவானவர்களே. மலைகளின் அடியிலோ உயர்ந்த வகை நிலக்கரி கிடந்தது. மிகுந்த வெப்பமும் குறைந்த புகையும் தரும் அக்கரியை நீராவிக் கப்பல்களும் பிரித்தானியக் கடற்படையும் விரும்பி வாங்கின. 1855ஆம் ஆண்டில் றொன்தாவின் மேற்பகுதியிலிருந்து முதன்முறையாக நீராவிக் கரி கார்டிஃப் துறைமுகத்தை நோக்கிப் புகையிரதத்தில் சென்றது. அதன் பின்னர் சுரங்கத்திற்குப் பின் சுரங்கமாகத் தோண்டப்பட்டன. 1911ஆம் ஆண்டில் மக்கள்தொகை 150,000ஐத் தாண்டியது. அறுபதே ஆண்டுகளில் நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம்! இடுங்கிய பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளிலும் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

முதலில் வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் வேல்ஸ் நாட்டின் கிராமப்புற மக்கள். அவர்கள் பேசிய மொழி வெல்ஷ். சுரங்கத்திலும் கடையிலும் தொழுகைக் கூடத்திலும் வீட்டிலும் அம்மொழியே வழங்கியது. சுரங்க நகரம் தம் மொழியை அழித்துவிடும் என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

விளக்கொளியில் உழைத்த சிறுவர்கள்

1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. பத்து வயது நிறைந்த சிறுவன் சட்டப்படி சுரங்கத்தினுள் இறங்கலாம் என்பதே இதன் மறுபக்கம். காற்றோட்டத்திற்காக அமைக்கப்பட்ட கதவுகளை இருளில் அமர்ந்து திறந்து மூடுவது சிறுவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று.

1856ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் காலை, போர்த்தில் உள்ள கம்மர் சுரங்கத்தில் தேங்கியிருந்த எரிவாயு தீப்பற்றி வெடித்தது. பாதுகாப்பு விளக்குகளுக்குப் பதிலாகத் திறந்த சுடர் விளக்குகள் அங்கே பயன்படுத்தப்பட்டு வந்தன. 114 பேர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள். 15 பேர் பன்னிரண்டு வயதையும் எட்டாதவர்கள். சுரங்க மேலாளர் மீது வழக்குத் தொடரப்பட்டது. முடிவில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

நான்கு ஆண்டுகளின் பின், 1860ஆம் ஆண்டில், புதிய சட்டம் ஒன்று வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவனைச் சுரங்கத்தில் அமர்த்துவதாயின், அவனுக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்னும் சான்றிதழ் வேண்டும், அல்லது அவன் பாடசாலைக்கும் சென்று வர வேண்டும் என்று அது விதித்தது. இச்சட்டத்தை உற்று நோக்குங்கள். எழுத்தறிவு அங்கே சுரங்கத்தினுள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டாக இருந்தது. அதே எழுத்தறிவைச் சுரங்கத்திலிருந்து வெளியேறுவதற்கான வழியாக மாற்றியதே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வரலாறு.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி

போர்த் மக்களுக்கு வார இறுதிப் பள்ளி புதியதன்று. வேல்ஸ் நாட்டில் 18ஆம் நூற்றாண்டிலேயே கிரிஃபித் ஜோன்ஸ் என்னும் மதகுரு ஊர்தோறும் சுற்றிவரும் பள்ளிகளை நடத்தினார். வேலை குறைந்த சில மாதங்களில் ஓர் ஊரில் பள்ளி நடக்கும். பிறகு ஆசிரியர் அடுத்த ஊருக்குச் செல்வார். முதியவரும் சிறுவரும் தம் தாய்மொழியில் வாசிக்கக் கற்றனர். அவருக்குப் பின் பாலா நகரைச் சேர்ந்த தோமஸ் சார்ள்ஸ் என்பவர் ஞாயிற்றுப் பள்ளிகளைப் பரப்பினார். சுரங்கங்களுக்கு வந்த மக்கள் இப்பழக்கத்தையும் தம்முடன் கொண்டு வந்தனர். ஆறு நாள் உழைத்த தொழிலாளி ஏழாம் நாள் தன் பிள்ளையுடன் ஒரே வாங்கில் அமர்ந்து வெல்ஷ் படித்தான்.

நாட்பள்ளியின் நிலை வேறாக இருந்தது. வேல்ஸ் நாட்டின் கல்வி பற்றி ஆராய அரசு அனுப்பிய மூன்று ஆணையாளர்களும் வெல்ஷ் மொழி அறியாத ஆங்கிலேயர். 1847ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய அறிக்கை, மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களுடைய மொழியையும் சமயப் பிரிவையும் காரணமாகக் காட்டியது. நீல உறையிட்ட அந்நூல்களை 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வேல்ஸ் மக்கள் இன்றும் குறிப்பிடுகின்றனர். அந்நூற்றாண்டில் சில பாடசாலைகளில் வெல்ஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசக் கேட்டால் அத்துண்டு அப்பிள்ளையின் கழுத்துக்கு மாறும். பள்ளி முடியும் வேளையில் அது யாருடைய கழுத்தில் இருக்கின்றதோ அப்பிள்ளை அடி வாங்கும். இதற்குச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆங்கிலம் வந்தால் பிள்ளை முன்னேறும் என்று நம்பிய ஆசிரியர்களும் அதற்கு உடன்பட்ட பெற்றோருமே இவ்வழக்கத்தை நடத்தினர்.

ஆகவே மக்கள் ஒரு பிரிவினையை ஏற்றுக்கொண்டனர். கிழமை நாட்களில் ஆங்கிலம், ஞாயிறன்று வெல்ஷ். பிழைப்புக்கு ஒரு மொழி, வழிபாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு மொழி. இந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்கும் என்றே தோன்றியது.

1889ஆம் ஆண்டுச் சட்டமும் போர்த் பாடசாலையும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தொடக்கக் கல்வி கட்டாயமாகியது. அதற்கு மேற்பட்ட கல்வியோ வசதியுள்ளோருக்கே உரியதாக இருந்தது. இக்குறையைத் தீர்க்க 1889ஆம் ஆண்டில் வேல்ஸ் இடைநிலைக் கல்விச் சட்டம் நிறைவேறியது. மாவட்டங்கள் சொத்து மதிப்பில் ஒரு பவுணுக்கு அரைப் பென்னி வீதம் வரி விதிக்கலாம், அவ்வாறு சேரும் தொகைக்கு ஈடாகத் திறைசேரியும் பணம் தரும் என்பது அதன் சாரம். பொதுப் பணத்தில் இடைநிலைப் பாடசாலைகளை அமைக்கும் இத்தகைய ஏற்பாடு இங்கிலாந்துக்கு 1902ஆம் ஆண்டில்தான் வந்தது. கல்வியில் பின்தங்கியது என்று இகழப்பட்ட சிறிய நாடு இவ்விடயத்தில் பெரிய அயல் நாட்டை முந்திக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் வேல்ஸ் முழுவதிலும் 95 இடைநிலைப் பாடசாலைகள் எழுந்துவிட்டன.

அவற்றுள் ஒன்றே 1896இல் போர்த்தில் திறக்கப்பட்ட பாடசாலை. கரித்தூசி படிந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இலத்தீனும் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கில இலக்கியமும் கற்றனர். அதே 1896இல் அமைக்கப்பட்ட வேல்ஸ் மத்திய கல்விச் சபை இப்பாடசாலைகளை மேற்பார்வை செய்து பரீட்சைகளை நடத்தியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேல்ஸ் பல்கலைக்கழகமும் தோன்றியிருந்தது. தொடக்கப் பள்ளி, இடைநிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் என ஓர் ஏணி முழுமையாக அமைந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன் அவ்வேணியில் ஏறித் தகுதி பெற்ற ஆசிரியனாகலாம், மருத்துவனாகலாம். பின்னர் போர்த்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடைநிலைப் பாடசாலைகள் இயங்கின. சுரங்கத்தில் இடமில்லாத, வீட்டு வேலை ஒன்றே விதிக்கப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு இதன் பயன் மிகப் பெரிது.

ஏணியில் ஏறுவதற்கு விலை இருந்தது. கட்டணம் உண்டு, சீருடை உண்டு, புத்தகம் உண்டு. இவற்றினும் பெரியது சம்பள இழப்பு. பதின்மூன்று, பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கும் சிறுவன் கிழமை முடிவில் தாயின் கையில் சம்பளம் கொடுப்பான். பாடசாலையில் இருக்கும் சிறுவனோ பதினாறு, பதினெட்டு வயது வரையில் சோறு கேட்பான். 1907ஆம் ஆண்டில் வந்த விதி, அரச உதவி பெறும் இடைநிலைப் பாடசாலைகள் நான்கில் ஒரு பங்கு இடங்களைக் கட்டணமின்றித் தொடக்கப் பள்ளி மாணவருக்கு வழங்க வேண்டும் என்றது. கட்டணம் நீங்கியது. சம்பள இழப்பு நீங்கவில்லை. அதைத் தாங்கியவர்கள் பெற்றோரும், வேலைக்குச் சென்ற மூத்த சகோதரர்களும், வீட்டைச் சுமந்த அக்காமாருமே. இலங்கையில் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பிள்ளையைப் படிப்பித்த பெற்றோரை நான் கண்டிருக்கின்றேன். ஆதலால் போர்த் நகரத்துத் தாய் தந்தையரை விளங்கிக்கொள்வது எனக்குக் கடினமாக இல்லை. உங்கள் பெற்றோருக்கும் கடினமாக இராது.

மற்றொரு பள்ளி

இந்நகர்களில் பாடசாலைக்கு வெளியேயும் ஒரு பள்ளி இருந்தது. அது தொழிலாளர் மன்றம். தொழிலாளர் தம் சம்பளத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் சில காசுகளைக் கழித்துக் கொடுத்து மன்றங்களைக் கட்டினர். அங்கே நூலகமும் வாசிப்பறையும் கூட்ட மண்டபமும் அமைத்தனர். சுரங்கத்தை விட்டு வெளியேற முடியாதவர்கள் அங்கே பொருளியலும் வரலாறும் படித்தனர். 1883ஆம் ஆண்டில் போர்த்தில் பிறந்த நோவா ஆப்லெட் இளமையிலேயே சுரங்கத் தொழிலாளியானவர். பின்னர் ஒக்ஸ்போர்ட்டிலுள்ள றஸ்கின் கல்லூரியிற் படித்துத் திரும்பினார். 1910, 1911ஆம் ஆண்டுகளில் டொனிபாண்டி நகரை உலுக்கிய பெரும் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்த பின், 1912இல் சுரங்கத் தொழிலாளரின் எதிர்காலம் பற்றி வெளியான புகழ்பெற்ற சிறுநூலை ஆக்குவதில் அவர் முக்கிய பங்கு கொண்டார்.

இடைநிலைப் பாடசாலை பிள்ளையைப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே அழைத்துச் சென்றது. மன்றம் அங்கேயே இருப்பவனுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக் கொடுத்தது. ஓர் ஊருக்கு இரண்டும் தேவை. பின்னாளில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது பல மன்ற நூலகங்கள் சிதறிப் போயின. எஞ்சிய நூல்களைக் காப்பதற்காக 1973இல் சுவான்சீ நகரில் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் நிறுவப்பட்டது. நூலகம் ஒன்றை இழப்பது எத்தகையது என்பதை 1981ஆம் ஆண்டை அறிந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீடு, இரு மொழி

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். 1901ஆம் ஆண்டில் றொன்தாவில் ஏறத்தாழ மூவரில் இருவர் வெல்ஷ் பேசினர். அதன் பின்னர் அத்தொகை பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்தது. இங்கிலாந்திலிருந்து வேலை தேடி வந்தோர் பெருகியது ஒரு காரணம். வணிகமும் செய்தித்தாளும் தொழிற்சங்கக் கூட்டங்களும் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறியது இன்னொரு காரணம். பெற்றோர் தம் பிள்ளைகளுடன் எம்மொழியிற் பேசுவது என்று எடுத்த முடிவு மூன்றாவது காரணம். இம்மூன்றாவது காரணமே நம் கவனத்துக்குரியது.

இதற்குக் குவின் தோமஸ் என்னும் எழுத்தாளரின் குடும்பம் நல்ல சான்று. அவர் 1913ஆம் ஆண்டில் போர்த்திலுள்ள கம்மர் பகுதியில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பன்னிரண்டு பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். அக்கா ஒருவரே அவரை வளர்த்தார். போர்த் இடைநிலைப் பாடசாலையிற் படித்துப் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்று ஸ்பானிய மொழி கற்றார். சுரங்கத் தொழிலாளர் நிதியிலிருந்து கிடைத்த உதவியால் ஸ்பெயின் தலைநகர் மட்ரிட்டிலும் சில காலம் படித்தார். பின்னர் பாரி நகரில் ஆசிரியராகி 1962 வரை கற்பித்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவல்களும் நாடகங்களும் றொன்தா மக்களின் துன்பத்தையும் நகைச்சுவையையும் உலகறியச் செய்தன. 1981இல் காலமானார். போர்த் பாடசாலை பெருமை கொள்ளத்தக்க மாணவர் அவர்.

அவருடைய வீட்டில் மூத்த பிள்ளைகள் வெல்ஷ் பேசினர். இளையவர்கள் ஆங்கிலம் பேசினர். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே அடுப்பங்கரை. மேலைப் பிள்ளைக்கு ஒரு மொழி, கீழைப் பிள்ளைக்கு ஒரு மொழி. ஸ்பானிய மொழியைக் கரைகண்ட கடைசிப் பிள்ளை தன் பெற்றோரின் மொழியில் வளரவில்லை. எந்தச் சட்டமும் அவ்வீட்டினுள் நுழைந்து வெல்ஷ் பேசாதே என்று கட்டளையிடவில்லை. ஓராண்டில், ஒரு நாளில் அது நிகழவுமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்குச் சென்று ஆங்கிலத்தோடு திரும்பியது. அடுத்த பிள்ளை அண்ணனிடமும் அக்காவிடமும் அதைக் கற்றது. தாயும் தந்தையும் பிள்ளைகளின் வசதிக்காக விட்டுக் கொடுத்தனர். பன்னிரண்டு பிள்ளைகளின் வரிசையில் ஒரு மொழி வீட்டை விட்டு நடந்து சென்றுவிட்டது. புலம்பெயர்ந்த நம் வீடுகளில் மூத்த பிள்ளை தமிழில் பேச, கடைக்குட்டி இந்நாட்டு மொழியில் மறுமொழி சொல்வதைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

பாடசாலை என்ன செய்தது? வெல்ஷ் மொழியை ஒரு பாடமாகக் கற்பிக்கலாம் என்றது. ஏனைய பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில். அறிவு ஆங்கிலத்தில் இருக்கின்றது, அன்பு வெல்ஷில் இருக்கின்றது என்று பிள்ளை விளங்கிக்கொண்டது. ஞாயிற்றுப் பள்ளி இருந்தது. வீட்டில் மொழி வாழ்ந்த வரை அப்பள்ளி பிள்ளைகளால் நிறைந்தது. வீட்டில் மொழி ஓய்ந்தபின் அங்கே வாசிக்கப்பட்டது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. புரியாத இடத்துக்கு அவர்கள் வரவுமில்லை.

பஞ்ச காலமும் வெளியேற்றமும்

1926ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்து ஒன்பது நாட்களில் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர் மட்டும் ஆண்டின் இறுதிப் பகுதி வரை கதவடைப்பில் தவித்தனர். பொதுச் சமையற்கூடங்களில் பிள்ளைகள் உணவு உண்டனர். தந்தையர் பழைய தோலால் பிள்ளைகளின் சப்பாத்துகளைத் தைத்துக் கொடுத்தனர். அடுத்து வந்த 1930களின் பெருமந்தத்தில் வேலையின்மை இன்னும் கொடியதாயிற்று. 1932ஆம் ஆண்டில் அரசு இலவச இடங்களைக் கட்டுப்படுத்தி, பெற்றோரின் வருமானத்தை அளந்தே கட்டணச் சலுகை என்று சுற்றறிக்கை விடுத்தபோது வேல்ஸ் நாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது.

1921ஆம் ஆண்டுக்கும் 1951ஆம் ஆண்டுக்கும் இடையில் றொன்தாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 163,000இலிருந்து 111,000 அளவுக்கு வீழ்ந்தது. இளைஞர்கள் ஸ்லவ், ஒக்ஸ்போர்ட், கொவென்ட்ரி, இலண்டன் எனப் புதிய தொழிற்சாலைகள் உள்ள நகரங்களுக்குச் சென்றனர். இடைநிலைக் கல்வி பெற்றவர்கள் ஆசிரியர்களாகி இங்கிலாந்தின் பாடசாலைகளை நிறைத்தனர். வேல்ஸ் நாடு கரியையும் ஆசிரியர்களையும் ஏற்றுமதி செய்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பிள்ளை முன்னேற வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். பிள்ளை முன்னேறியது. ஊருக்குத் திரும்பி வரவில்லை.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்விக் கட்டணத்தை முற்றாக நீக்கியது. பதினொரு வயதுப் பரீட்சையிற் சித்தியடைந்தோர் போர்த் போன்ற பாடசாலைகளுக்கும் ஏனையோர் வேறு பாடசாலைகளுக்கும் பிரிக்கப்பட்டனர். 1970களில் அப்பிரிவினையும் நீங்கி எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பாடசாலை முறை வந்தது. அதற்குள் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. 1984, 1985ஆம் ஆண்டுகளின் ஓராண்டு வேலைநிறுத்தம் தோற்றபின் எஞ்சியவையும் மறைந்தன. 1990 டிசம்பர் 21ஆம் நாள் மார்டி சுரங்கம் மூடப்பட்டதோடு றொன்தாவில் நிலக்கரி அகழ்தல் முடிவுற்றது. போர்த்தை அடுத்த லூயிஸ் மேர்த்தர் சுரங்கம் இன்று அரும்பொருட் காட்சியிடமாக நிற்கின்றது. சுரங்கம் போனது. போர்த்தில் பாடசாலை மாத்திரம் பெயரும் வடிவும் மாறி நிலைத்து நிற்கின்றது.

திரும்பி வந்த மொழி

1901ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினர். 1991இல் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் கூட இல்லை. அத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவிடாமற் செய்தவர்கள் பெற்றோர்.

1939ஆம் ஆண்டில் அபரிஸ்ட்வித் நகரில் ஏழே பிள்ளைகளுடன் வெல்ஷ் மொழி மூலத் தொடக்கப் பள்ளி ஒன்று தனியார் முயற்சியாகத் திறக்கப்பட்டது. 1947இல் லனெல்லி நகரில் அரச செலவிலான முதலாவது வெல்ஷ் மொழிப் பள்ளி வந்தது. 1956இல் வடக்கே முதலாவது வெல்ஷ் மொழி இடைநிலைப் பாடசாலையும், 1962இல் றொன்தாவுக்கு அண்மையில் றீட்வெலன் என்னுமிடத்தில் தெற்கின் முதலாவது இடைநிலைப் பாடசாலையும் எழுந்தன. அங்கே பாடங்கள் பல வெல்ஷ் மொழியிற் கற்பிக்கப்பட்டன. வேல்ஸ் எல்லைக்கு வெளியே இலண்டனில் வாழ்ந்த பெற்றோரும் 1958இல் தமக்கென ஒரு வெல்ஷ் பள்ளியை நிறுவினர்.

1988ஆம் ஆண்டில், 114 பேர் மாண்ட அதே கம்மர் பகுதியில், வெல்ஷ் மொழி மூல இடைநிலைப் பாடசாலை திறக்கப்பட்டது. அங்கே சேர்ந்த பிள்ளைகளுட் பலர் ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். தாத்தாவும் பாட்டியும் பேசியதை, தந்தையும் தாயும் இழந்ததை, பேரப்பிள்ளை பாடசாலையிற் கற்றுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசுவோர் நூற்றுக்கு 17.8 ஆகக் குறைந்தனர். அவ்வாறு குறைந்த போதும், றொன்தா அடங்கிய மாவட்டம் உட்பட நான்கு மாவட்டங்களில் அவர்களின் விகிதம் சற்று உயர்ந்தது. உயர்வு சிறிதுதான். ஆயினும் மீட்பு இயலாதது அன்று என்பதற்கு அது சான்று.

நாம் பெறும் பாடம்

பெற்றோர்களே! போர்த் நகரத்துப் பெற்றோர் தவறானவர்கள் அல்லர். பிள்ளையை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டு வர அவர்கள் வயிற்றைக் கட்டி உழைத்தனர். அவர்கள் அறியாதது ஒன்றே. புதிய மொழியைக் கற்பதற்குப் பழைய மொழியை விட வேண்டியதில்லை என்பதை அன்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. நமக்கு அது சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே நாம் விடும் பிழைக்கு அவர்களுக்கிருந்த மன்னிப்பு நமக்கில்லை.

வாரத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் தமிழ்ப் பாடசாலையால் தமிழைத் தனியே தாங்க இயலாது. ஆசிரியன் என்ற முறையில் இதை நான் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். நாம் எழுத்தைக் கற்பிக்கலாம், இலக்கணத்தைத் திருத்தலாம், பேச்சுப் போட்டி நடத்திப் பரிசும் கொடுக்கலாம். ஆயினும் பிள்ளைக்குப் பசிக்கும்போதும் கோபம் வரும்போதும் எம்மொழி வாயில் வருகின்றது என்பதை வீடுதான் தீர்மானிக்கின்றது. மூத்த பிள்ளையிடம் காட்டிய உறுதியைக் கடைசிப் பிள்ளையிடமும் காட்டுங்கள். பிள்ளை இந்நாட்டு மொழியில் மறுமொழி சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். கதையும் கணக்கும் விஞ்ஞானச் செய்தியும் தமிழிற் பேசப்படட்டும். சமையலுக்கும் கண்டிப்புக்கும் மாத்திரம் உரிய மொழியாகத் தமிழ் சுருங்கினால், அறிவு வேறிடத்தில் இருக்கின்றது என்று பிள்ளை முடிவு செய்துவிடும்.

மாணவர்களே! நீங்கள் இந்நாட்டின் பாடசாலையில் நன்றாகப் படியுங்கள். ஏணியில் எவ்வளவு உயர இயலுமோ அவ்வளவு உயருங்கள். ஏணியைப் பிடித்துக் கொண்டு கீழே நிற்பவர்கள் பேசும் மொழி உங்கள் காதுக்கு எட்டும்படி மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள். கம்மர் பகுதியில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் செய்து காட்டியதை நீங்கள் முதல் தலைமுறையிலேயே செய்யலாம். இழந்த பின் மீட்பதிலும் இழக்காமற் காப்பது எளிது.

அருஞ்சொற்பொருள்

இடைநிலைப் பாடசாலை – தொடக்கப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட பாடசாலை
குடிசன மதிப்பு – நாட்டு மக்களை எண்ணிக் கணக்கெடுத்தல்
திறைசேரி – அரசின் பணத்தை நிர்வகிக்கும் திணைக்களம்
கதவடைப்பு – முதலாளிகள் தொழிலாளரை வேலைக்கு விடாது தடுத்தல்
பெருமந்தம் – வணிகமும் தொழிலும் நெடுங்காலம் வீழ்ந்து கிடக்கும் நிலை
சுற்றறிக்கை – பல அலுவலகங்களுக்கு ஒருசேர அனுப்பப்படும் அறிவிப்பு

பயிற்சி

1. 'கம்மர்', 'போர்த்' என்னும் ஊர்ப் பெயர்களின் பொருள் யாது? உங்கள் பெற்றோரின் ஊர்ப் பெயருக்குப் பொருள் கேட்டறிந்து எழுதுக.
2. 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1889ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கல்வி எவ்வெவ்வாறு கருதப்பட்டது? ஒப்பிடுக.
3. கட்டணம் நீங்கிய பின்னரும் ஏழைப் பிள்ளைகள் இடைநிலைக் கல்வி பெறுவதற்குத் தடையாக இருந்தது எது?
4. குவின் தோமஸ் அவர்களின் வீட்டில் மொழி மாறியது எவ்வாறு? உங்கள் வீட்டில் யார் யாருடன் எம்மொழியிற் பேசுகின்றனர் என்பதை ஓர் அட்டவணையாக வரைக.
5. "வார இறுதிப் பாடசாலையால் தாய்மொழியைக் காக்க முடியும்." இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ பத்து வசனங்கள் எழுதுக. வீட்டில் உள்ள ஒரு முதியவருக்கு அதை வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் மறுமொழியையும் தமிழிலேயே எழுதிக் கொண்டு வருக.